நெற்றி சொல்லாத வலி

பல் டாக்டரின் நாற்காலிக்கு இடப்பக்கம் இருபத்திரண்டு வருஷமாக நின்றவள் அவள். ஒரு கையில் எச்சிலை உறிஞ்சும் குழாய், இன்னொரு கையில் பஞ்சு. சம்பளம் அதற்குத்தான். உண்மையான வேலை கண்ணுக்கு. வாயைத் திறந்து படுத்திருப்பவரால் பேச முடியாது. விளக்கு கூசாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி வேறு மாட்டிவிடுவார்கள். மிஞ்சுவது நெற்றி ஒன்றுதான். புருவங்களுக்கு நடுவே தோல் சுருங்கத் தொடங்கியதுமே அவள் டாக்டரின் முழங்கையைத் தொடுவாள். அவர் நிறுத்திவிட்டு, மரத்துப்போக இன்னொரு ஊசி போடுவார். ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டுகிறவர்கள்கூட அவளை ஏமாற்றியதில்லை. டாக்டர் அவளை ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அவளுடைய தங்கைக்குக் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்ய வேண்டி வந்தது. பல் டாக்டர் என்றாலே நடுங்குகிறவள். ஒரு வருஷமாக மாத்திரையை விழுங்கியே நாளைக் கடத்தியிருந்தாள்.

“நீ வாயைத் தொறந்துட்டுப் படு, போதும். வலிச்சா எனக்குத் தெரிஞ்சிடும்” என்று சொல்லித்தான் அக்கா அழைத்து வந்தாள்.

முக்கால் மணி நேரம் தங்கையின் நெற்றி காற்றில்லாத குளம்போலக் கிடந்தது. பயந்தாங்கொள்ளி தேறிவிட்டாளே என்று அக்கா மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். டாக்டரும் நிற்காமல் அன்றைய வேலையை முடித்தார். கண்ணாடியைக் கழற்றியபோது இரண்டு கண்களும் நிரம்பிக் கண்ணீர் காதுவரை வழிந்திருந்தது.

“எப்பலேர்ந்துடி வலிக்குது?”

“ஆரம்பத்துலேர்ந்தே.”

“கையைத் தூக்கியிருக்கலாம்ல?”

“நீதான் பாத்துக்கிட்டிருந்தியே. நீயே நிறுத்தலைன்னா, இவ்வளவு வலிக்கத்தான் செய்யும்போலன்னு நெனச்சேன்.”

வீட்டுக்குப் போகிற வழியில் மிச்சம் வெளிவந்தது. தங்கைக்கு ஒரு விடுதியின் வரவேற்பு மேஜையில் வேலை. புருவ நடுவில் விழுந்த இரண்டு கோடுகளைப் பார்த்து, வருகிறவர்களெல்லாம் ஏன் கோபமாயிருக்கிறாய் என்று கேட்டே அவளைக் கோபக்காரியாக்கிவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன் தோல் டாக்டரிடம் போய், தசையைத் தளர்த்தும் ஊசியை நெற்றியில் போட்டுக்கொண்டாள். மூன்று நாலு மாதத்துக்குச் சுளிக்க வராதாம். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை.

“எப்படிச் சொல்றது? இந்த ஊசி போட்டுக்கிட்ட ஒவ்வொருத்தரையும் இஸ்திரி போட்ட மூஞ்சின்னு நீதானே சொல்லிச் சிரிப்பே?”

சிரித்தது உண்மைதான்.

வலி முழுசாக இருந்திருக்கிறது. அது வெளியே வருகிற வாசல்தான் சாத்தியிருந்தது. ஊசியைத் திட்டுவது சுலபம். ஆனால் நெற்றியைப் படிக்கத் தெரிந்த கர்வத்தில் கேட்பதை விட்டது யார்? இத்தனை வருஷம் பிசகாதது தன் சாமர்த்தியமா, அல்லது அத்தனை நெற்றிகளும் செய்த உபகாரமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

பல்லில் பாதி வேலை பாக்கி. மறுவாரம் வர வேண்டும். வேறு டாக்டரிடம் போய்க்கொள்கிறேன், அங்கே என்னை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டாள். நாலு நாள் போனில்கூடப் பேச்சில்லை. ஐந்தாம் நாள் அக்கா நேரில் போனாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

“எங்க வேணும்னாலும் போ. நான் கையைப் பிடிச்சுக்கிறேன். வலிச்சா அழுத்து.”

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “உங்க டாக்டர்கிட்டயே வரேன். ஆனா என் மூஞ்சியைப் பாக்கக் கூடாது.”

குறித்த நாளில் டாக்டரே குழாயைப் பிடித்துக்கொண்டார். மீட்டருக்கு லீவா என்று முணுமுணுத்தார். அவள் ஸ்டூலைப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். உள்ளங்கையில் தங்கையின் கை வியர்த்திருந்தது. வேறெதுவும் தெரியவில்லை. தெரியாமல் உட்கார்ந்திருப்பது இத்தனை பாரமா?

கை லேசாக இறுகியதுபோலிருந்தது. நிச்சயமில்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள்.

“டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க” என்றாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே, “வலிக்குதாம்மா?” என்று கேட்டாள்.

கருவியின் சத்தம் நின்றது. தங்கையின் விரல்கள் அவள் விரல்களை நன்றாக அழுத்தின.