அக்கா போட்ட அரைப்பேர்

இந்தக் கட்டுரையை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துவிட்டேன். அக்காவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்று என் கணவர் சொன்னார். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அக்காவின் கடைசி மாதத்தில் நான் செய்த ஒரு காரியத்தை விட்டுவிட்டால், இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் அவருடைய மாணவிகளுக்கு நான் மறைத்தது தெரிந்துவிடும். ஆகவே அதையும் எழுதுகிறேன். குழந்தை தூங்கும்போது எழுதியது. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடொன்றில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நான் அவருக்குப் பதினான்கு வயது இளையவள். அப்பா காலமானது எனக்கு நினைவில்லை. அம்மா கொழுந்து பறிக்கப் போய்விட, பள்ளிக்கூடம் விட்டு வந்து எனக்குச் சோறூட்டிய பிறகுதான் அக்கா தன் புத்தகத்தைத் திறப்பாராம். ஆசிரியப் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் முதன்முதலாகக் கூடைப்பந்தைத் தொட்டார். அதிக உயரமில்லாதவர். ஆனாலும் அதை விடவில்லை. பின்னர் ஹட்டன் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பெண்கள் அணிக்குப் பயிற்றுநராக வேலை கிடைத்தது. அந்தச் செய்தியோடு அவர் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“கூடை வேணாமுன்னுதானே ஒன்னய படிக்க வச்சேன்? திரும்பக் கூடையத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறியே!” என்றார் அம்மா.

“இந்தக் கூடைக்கு அடி கெடையாதும்மா. போட்டதெல்லாம் கீழ விழுந்துரும்.”

“அப்ப எப்புடி நிறுப்பாங்க?”

அக்கா அன்று சிரித்த சிரிப்பு அடுத்த லயம்வரை கேட்டது.

பிறகு சிரிக்க அவ்வளவாக நேரமிருக்கவில்லை. கல்லூரியின் மைதானம் சரிவில் இருந்தது. மழை பெய்தால் ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். மேலிடத்திலிருந்து அணிக்கு வரும் கடிதங்களில் எப்போதும் ‘வலைப்பந்து’ என்றே இருக்கும். அக்கா பேனாவை எடுத்து ‘கூடை’ என்று திருத்தி வைத்துக்கொள்வார். தலைமைப் பயிற்றுநரான பிறகும் அது மாறவில்லை. வார இறுதியில் பெண்பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்ற பெற்றோரைத் தேடி, தோட்டம் தோட்டமாக நடந்தார்.

காலைப் பயிற்சிக்கு அவர் வைத்த பெயர் பெரட்டு. தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் அதே பெரட்டுத்தான். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதாவது முழு நாள் கூலி. நேரம் பிந்தினாலோ கொழுந்து குறைந்தாலோ அரைப்பேர். அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்த நாட்களில் வீட்டில் யாரும் பேசமாட்டோம். அந்தச் சொல்லையே அக்கா மைதானத்துக்குக் கொண்டுவந்தார். பிந்தி வருபவளுக்கு அரைப்பேர்; பாதி ஆட்டம் வெளியே உட்கார வேண்டும். ஆனால் தோட்டத்தில் இல்லாத ஒரு சலுகையையும் வைத்தார். மறுநாள் எல்லோருக்கும் முன்னதாக வந்து மைதானத்துத் தண்ணீரைக் கூட்டித் தள்ளினால், மற்ற அரையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது என் மகளுக்கு மூன்று மாதம். அக்காவைக் கினிகத்தேனையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஒரு கையில் பால்போத்தல், ஒரு கையில் மருந்து. யாருக்கு முதலில் கொடுப்பது என்று தெரியாமல் நின்ற நேரங்கள் உண்டு. இரண்டு பேருக்கும் சரியாகச் செய்தேனா என்று இன்றும் யோசிக்கிறேன். மாணவிகள் மைதானத்திலிருந்து தொலைபேசியில் அழைப்பார்கள். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

“பந்துச் சத்தம் கேக்குது, கால் சத்தத்தக் காணோமே. நின்னுக்கிட்டே வெளையாடுறீங்களா?”

இறுதிப் போட்டி கண்டியில். அக்கா போகத் தீர்மானித்திருந்தார். பயணம் கூடவே கூடாது என்று வைத்தியர் என்னிடம் சொல்லியிருந்தார். முதல் நாள் மாலை, அணித் தலைவி சுகந்தி அழைத்தபோது அக்கா உறக்கத்தில் இருந்தார். நான்தான் எடுத்தேன்.

“அக்கா, காலையில வேன் உங்க வீட்டத் தாண்டித்தான் போகும். மிஸ்ஸ ஏத்திக்கிறோம். சும்மா வந்து ஒக்காந்தா போதும்.”

“மிஸ் வரலையாம், சுகந்தி. அவங்களே சொல்லச் சொன்னாங்க.”

சுகந்தி “சரிங்கக்கா” என்று வைத்துவிட்டார்.

அக்கா எழுந்ததும் கண்டியில் மழை என்றும், போட்டியை அடுத்த கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள் என்றும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் மழை என்றால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

மறுநாள் மாலை வேன் எங்கள் வாசலில் நின்றது. விளையாட்டு உடையைக்கூட மாற்றாமல் பிள்ளைகள் இறங்கினார்கள். இரண்டு புள்ளிகளால் தோற்றிருந்தார்கள். சுகந்தி அக்காவின் கட்டிலருகே போய் நின்றார்.

“ஏன் மிஸ் வரமாட்டேன்னு சொன்னீங்க? எங்க மேல கோவமா?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். குழந்தை அழவே இல்லை.

“கோவமெல்லாம் இல்ல புள்ள. மழைன்னு நெனச்சேன்” என்றார் அக்கா. பிறகு மூச்சு வாங்க, ஒவ்வொரு பெயராகப் பெரட்டு எடுத்தார். “வந்தேன் மிஸ், வந்தேன் மிஸ்” என்று அழுதுகொண்டே சொன்னார்கள். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டினார்.

“இவ பேரையும் எழுதிக்கங்க. அரைப்பேரு.”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். என்னால் முடியவில்லை.

அவர்கள் போன பிறகு மன்னிப்புக் கேட்டேன். “பாத்துக்கிட்டதுக்கு அரை” என்றார். “போகாதக்கான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நானே நின்னுருப்பேன்டி. முழுசாவே குடுத்திருப்பேன்.” அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. நின்றிருக்கமாட்டார் என்று சில நாள் தோன்றும். சில நாள் வேறு மாதிரி. பதினெட்டு நாட்களுக்குப் பிறகு, காலையில், என் கையைப் பிடித்தபடி அக்கா கண்மூடினார்.

சிகிச்சையளித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கேட்காமலே சோறு சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த தோட்டத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இரண்டு பேருக்கு நடுவில் கிடந்த என்னைப் பொறுத்துக்கொண்ட கணவருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் அது என் களைப்பு. மறதி என்று எண்ண வேண்டாம்.

ஓராண்டு நினைவுக்காகப் பழைய மாணவிகள் சென்ற வாரம் கல்லூரி மைதானத்தில் கூடினார்கள். நான் மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். யாரும் வந்திருக்கவில்லை. முந்தின நாள் மழைத்தண்ணீர் அந்தப் பக்கமாகவே நின்றது. விளக்குமாறு எங்கே இருக்கும் என்று அக்கா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வரும்போது பாதிக்கு மேல் தள்ளி முடித்திருந்தேன்.

படிப்பை முடித்து, இப்போது தோட்டப் பாடசாலை ஒன்றில் தொண்டர் ஆசிரியையாக இருக்கும் சுகந்திதான் பெரட்டு எடுத்தார். கடைசியாக, பெயர்க் கொப்பியைப் பார்க்காமலே, “மிஸ்ஸோட தங்கச்சி?” என்றார்.

“வந்தேன்” என்றேன்.

அரையா முழுசா என்று சுகந்தி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மிச்சத் தண்ணீரைத் தள்ளப் போனேன்.