வெலிச்கா சொன்ன இடம்

வெலிச்காவின் குடும்பத்தில் கடலை விட்டுப் போய்ப் பிழைத்தவள் அவள் ஒருத்திதான். பல்கேரியாவின் கருங்கடல் கரையில், பல்சிக் துறையில், அப்பா, சித்தப்பா, தம்பி எல்லோரும் படகுக்காரர்கள். அவள் மட்டும் மொழிகளைப் படித்து, தலைநகர் சோஃபியாவில் அரசு மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தாள். அம்மா போன பின் தம்பி டிலியனை ஆளாக்கியவளும் அவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை. பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்தப் பிப்ரவரியில் அவள் மேசையில் ஓர் ஒப்பந்தம் கிடந்தது. செயற்கைக்கோள்களைக் கொண்டு இடமும் வழியும் அறிவதில் ஐரோப்பிய ஒன்றியமும் உக்ரைனும் சேர்ந்து வேலை செய்வதென்று முன்பே கையெழுத்திட்டிருந்தன. பல்கேரியாவும் ருமேனியாவும் பிறகு ஒன்றியத்துக்குள் வந்தவை. பழைய ஒப்பந்தம் இந்தப் புது வீட்டுக்காரர்களையும் கட்டுப்படுத்தும் என்று ஓர் இணைப்பு வேண்டியிருந்தது. பல்கேரிய வாசகமும் மற்ற மொழி வாசகங்களுக்குச் சமமாக நிற்க வேண்டும். கீவில் இதே வேலையைப் பார்த்தவள் சொலோமியா. இரண்டு பேரும் பள்ளியில் படித்த ரஷ்ய மொழியில், ஒரு சொல்லுக்காகத் தொலைபேசியில் மல்லுக்கட்டியே சிநேகிதமானவர்கள். நேரில் பார்த்ததில்லை.

ஒரு புதன்கிழமை காலை டிலியனின் மனைவி கினா அழைத்தாள்.

"அண்ணி, படகு வரல."

டர்பட் என்னும் தட்டை மீனுக்குப் போன படகு. டிலியனும் கிழவர் கோலியோவும் போயிருந்தார்கள். தென்மேற்குக் காற்று ஞாயிறு முதல் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. கடலோரக் காவல் கப்பல் கலியாக்ரா முனையைச் சுற்றித் தேடிக் களைத்துவிட்டது.

"படகுல அந்த செயற்கைக்கோள் பெட்டி இருக்கே? அது எங்க இருக்கோம்னு காட்டுமே?"

 கினாவின் பக்கம் அடுப்பில் எதுவோ பொங்கி வழியும் சத்தம் கேட்டது.

"கினா, மறைக்காத. என்ன விஷயம்?"

"அவரே அதை அணைச்சு வச்சுட்டாரு அண்ணி. இங்க மீன் எங்க இருக்கு? எல்லாரும் அந்தப் பக்கம்தான் போறாங்க. பாம்புத் தீவுக்குத் தெக்கால கடலுக்கடியில ஒரு மேடு இருக்காம், மீனெல்லாம் அங்கதானாம். உக்ரைன் தண்ணி. கப்பல்காரங்ககிட்ட கலியாக்ராவுக்கு நேரேன்னு சொல்லிட்டேன். உண்மையைச் சொன்னா படகு போயிடும், அவரு ஜெயிலுக்குப் போயிடுவாரு."

"அடிப்பாவி, அவன் உசிரு போயிடுமேடி."

"உங்களுக்கு மாசமானா சம்பளம் வருது. நீங்க பேசுவீங்க."

வெலிச்கா தொலைபேசியை வைத்தாள்.  தேடிய இடமெல்லாம் அவன் இல்லாத இடம். சொல்லாவிட்டால் கடல் கொண்டுபோகும். சொன்னால் சட்டம் கொண்டுபோகும். பெற்ற பிள்ளையைப் போல் வளர்த்தவனைத் தன் வாயாலேயே பிடித்துக் கொடுப்பதா? பத்து வயதில் காய்ச்சலில் கிடந்தவன், அவள் விரலைப் பிடித்தபடியேதான் தூங்குவான்.

பிரிவுத் தலைவர் பென்செவிடம் போய் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பக்கத்துக்கு முறைப்படி கேட்டு அனுப்பணும்மா. அனுப்புவாங்க. பதில் வர நாளாகலாம்."

"அவன்கிட்ட நாள் இல்ல சார்."

பென்செவ் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "நான் சூப் குடிக்கப் போறேன். இந்தப் போன்லேர்ந்து யாரு எங்க பேசுனாங்கன்னு நான் பாக்குறதில்ல."

கீவில் சொலோமியா எடுத்ததும் சிரித்தாள். "தெரியும், ஒப்பந்தத்தோட ஐந்தாவது பிரிவு. அந்தச் சொல்லை நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."

"சொலோமியா, என் தம்பி உங்க கடல்ல சாகறான்."

சிரிப்பு நின்றது. "படகு பேரைச் சொல்லு. மெதுவா. எழுதிக்கறேன்."

சொன்னாள். மேட்டைச் சொன்னாள். பெட்டியை அணைத்ததையும் சொன்னாள்.

"இதை நான் ஒடெசா துறைமுகத்துக்குச் சொன்னா எல்லைக் காவல்தான் போகும். புரியுதா? மீட்டுட்டு, கையோட விலங்கும் போடுவாங்க."

"புரியுது."

"சொல்லட்டுமா?"

வெலிச்கா தொலைபேசிக் கம்பியை விரலில் இறுகச் சுற்றினாள். மறுமுனையில் சொலோமியா பொறுத்திருந்தாள்.

"சொல்லு."

அன்று மாலை வரை அவள் அந்த இருக்கையை விட்டு எழவில்லை. கண்ணெதிரே ஒப்பந்தம் திறந்திருந்தது. ஒரு வரியும் உள்ளே போகவில்லை. இருட்டும் நேரத்தில் மணி அடித்தது.

"படகு கிடைச்சுடுச்சு," என்றாள் சொலோமியா. "மேட்டுலேர்ந்து ரொம்ப தூரம் வடக்கே அடிச்சுட்டுப் போயிருக்கு. உன் தம்பிக்கு உசிரு இருக்கு. இன்னொருத்தர், பெரியவரு, இல்ல. உன் தம்பி அவரை மடியில வச்சுட்டு உக்காந்திருந்தானாம். கையைப் பிரிக்க முடியலையாம்."

கீவில் இணைப்பு கையெழுத்தான நாளில் வெலிச்காவும் அங்கே இருந்திருக்க வேண்டும். அவள் ஒடெசாவில் ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருந்தாள். தம்பியின் இடக்கையில் குளிரில் கருகிய இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். வாசலில் காவலர். அவள் உள்ளே போனதும் டிலியன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"யாரு சொன்னது?"

"நான்தான்."

"படகை எடுத்துட்டாங்க தெரியுமில்ல?"

"தெரியும்டா."

"போ."

கொண்டுபோன ஆரஞ்சுகளை ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்தாள்.

தண்டனை முடிந்து அவன் ஊர் திரும்பியபோது இலையுதிர்காலம். அதற்குள் அந்த மேட்டில் எல்லைக் காவல் உறுதியாக நிலைகொண்டுவிட்டது. பல்சிக்கின் இன்னும் சில படகுகள் பிடிபட்டன. பழி போட ஊருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. வெலிச்காவின் பெயர் கிடைத்தது. காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். கினா தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினாள்.

கோலியோவின் ஆண்டு நினைவுக்கு அவள் போனாள். போகாமலும் இருந்திருக்கலாம், யாரும் அழைக்கவில்லை. இறந்தவர் நினைவாகப் பகிரும், சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொருவர் முன்னும் நீட்டினாள். நெஞ்சுக்கு நேரே நீட்டிய கிண்ணத்தைப் பார்க்காதது போல் பேசிக்கொண்டிருந்தார்கள். சிலர் முதுகைக் காட்டினார்கள். கோலியோவின் விதவை மட்டும் கையை ஏந்தினாள்.

"போடு," என்றாள். "என் மனுசன் மண்ணுலயாவது கிடக்காரு. மாமனாரு கடலோட போனவரு, அவருக்கு அதுவும் இல்ல."

வெலிச்கா போட்டாள். பாதி கீழே சிந்தியது. கிழவி குனிந்து பொறுக்கவில்லை, மென்றுகொண்டே நின்றாள்.

வாசலில் டிலியன் சுவரில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்தான். இப்போது வர்னாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான் என்று கேள்விப்பட்டிருந்தாள். பேசாமல் தாண்டிவிடலாம் என்று நடையை எட்டிப் போட்டாள்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

அவள் நின்றாள். "ஆறுக்கு."

"இறக்கத்துல பனி உறைஞ்சு கிடக்கு," என்றான், அவளைப் பாராமலே. "ஓரமா போ."