அண்ணா வேண்டாமென்று விட்ட நீலத் துணி

இன்று அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய எல்லாருக்கும் வணக்கம். இதை நல்லா எழுதக்கூடிய யாரிடமாவது கொடுப்போம் என்றுதான் அண்ணி சொன்னார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அண்ணாவைப் பற்றி வேறு யாரும் எழுதி நான் வாசிக்க ஏலாது.

அண்ணா இறக்கக்கண்டியில் பிறந்தார். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராமல் போன பிறகு அம்மாவையும் என்னையும் அவர்தான் பார்த்தார். மகனும் கடலுக்குப் போகக்கூடாது என்று அம்மா அழுததால் திருகோணமலைக்கு வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு திருத்தும் ஒரு வேர்க்சொப்பில் வெல்டிங் பழகினார். ஒருநாள் தீப்பொறி பட்டு அவர் வேலைக்குப் போடுகிற ஓவரோலின் கை உருகித் தோலோடு ஒட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் அதை உரித்து எடுத்தபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் கை நேராகவே இல்லை.

வெல்டிங்கை விட்டு ஓவரோல் துணி விற்கத் தொடங்கினார். சரிவாக வரி விழுகிற கட்டியான நீலத் துணி. கொழும்பில் வாங்கி வருவார், குறிஞ்சாக்கேணி நஸீர் நானா தைப்பார், துறைமுகப் பக்கத்துப் பெடியள் வாங்குவார்கள். எந்தத் துணி என்றாலும் ஒரு நூலை உருவி நெருப்பில் பிடிப்பார். பருத்தி கடதாசி மாதிரி எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாகச் சுருளும். மணியாகச் சுருண்டால், வெல்டிங் செய்கிறவர்களுக்கு அந்தத் துணியைக் கொடுக்கவே மாட்டார்.

போன வருடம் இறக்கக்கண்டிக் காணியை விற்று, முதல்முறை வெளிநாட்டில் இருந்து தானே துணி எடுப்பித்தார்.

“முதலாளி ஆகப் போறீங்க. இனி எங்களையெல்லாம் தெரியுமா தம்பி?” என்று நஸீர் நானா பகிடி விட்டார்.

“உங்களைத் தெரியாட்டி ஆர் நானா எனக்குத் தைச்சுத் தாறது?” என்று அண்ணாவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

எங்கள் வாசலில் நின்றால் துறைமுகம் தெரியும். ஆனால் துணி கொழும்பில்தான் இறங்கியது. பருத்தி கூடுதலா பொலியெஸ்டர் கூடுதலா, நிறை எவ்வளவு, நெசவு எப்படி, சாயம் போட்டதா என்று பார்த்துத்தான் சுங்கத்தில் எந்த வரிப் பிரிவு என்று முடிவெடுப்பார்களாம். பருத்தி கூடிய கட்டித் துணி என்று அண்ணா பத்திரத்தில் போட்டிருந்தார். அவர்கள் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று நானும் கூடப் போனேன்.

“அண்ணன், பருத்தி அரைவாசி கூட இல்லயாம். நீங்க போட்ட பிரிவு பிழை” என்றார் சாமான் எடுத்துத் தருகிற ஏஜென்ட்.

“நான் நூல் எரிச்சுப் பாத்தனான்.”

“எந்த நூல்?”

அண்ணா அந்த இடத்திலேயே துணித் துண்டில் இருந்து இரண்டு நூல் உருவினார். நெடுக்கு நூல் சாம்பலானது. குறுக்கு நூல் உருகிச் சுருண்டது. இந்த நெசவில் மேலே தெரிவதெல்லாம் நெடுக்கு நூல்தான், தடவினாலும் பருத்தி மாதிரியே இருக்கும். முதலில் வந்த மாதிரித் துண்டிலும் அண்ணா அதை மட்டும்தான் எரித்துப் பார்த்திருக்கிறார்.

“பிரிவை மாத்தி எழுதிக் குத்தக்காசையும் கட்டுவம், துணிய எடுக்கலாம். தைச்ச பிறகு யாருக்குத் தெரியப் போகுது?” என்றார் ஏஜென்ட்.

“தெரியும். எரியேக்க தெரியும்” என்றார் அண்ணா.

காற்சட்டைக்காவது விற்கலாமே என்று அண்ணி கெஞ்சிப் பார்த்தார். “கடையில குடுத்தா அது கடைசியா ஆரிட்டப் போகுமெண்டு எனக்குத் தெரியாதப்பா” என்று சொல்லி, துணியை எடுக்காமலே விட்டுவிட்டார். காணி விற்ற காசும் போனது. எடுக்காவிட்டால் அது அங்கேயே கிடந்து உக்கிவிடும் என்று நினைத்தார். ஏலத்தில் விடுவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சில மாதங்களில் நஸீர் நானா ஒரு துண்டோடு வந்தார். யாரோ ஒரு வியாபாரி ஏலத்தில் எடுத்து, தைக்கச் சொல்லிக் கொண்டு வந்தாராம். “இது உங்கட துணி தம்பி. நான் தைக்க மாட்டன். ஆனா மத்தவன் தைப்பான்” என்றார். அண்ணா துண்டை வாங்கினார். குறுக்கு நூலை உருவி எரித்துப் பார்த்துவிட்டு, சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்தத் துணியில் தைத்த ஓவரோல் வேர்க்சொப்புக்கும் வந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு காலையும் அண்ணா அங்கே வாசலில் போய் நின்றார்.

“தம்பியவை, இதைப் போட்டுக்கொண்டு வெல்டிங் செய்யாதேங்கோ. ஒட்டிப் பிடிக்கும்.”

“அண்ணைக்குத் தன்ர யாவாரம் போன கவலை” என்றான் ஒருவன்.

“உங்களிட்ட வாங்கினா மட்டும் எரியாதோ?” என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணா சட்டைக் கையை மடித்துக் காயத்தைக் காட்டினார். அதற்கும் சிரித்தார்கள். நான் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

அந்த வாரத்திலேயே, முகம் கழுவப் போனவர் கிணற்றடியில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நெஞ்சுவலி என்றார்கள். நானும் அப்படித்தான் எல்லாருக்கும் சொல்கிறேன். அண்ணா யாரையும் ஏமாற்றவில்லை. அதனால் ஒருவருக்காவது நன்மை வந்ததா என்று தேடிப் பார்க்கிறேன், காணவில்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

செத்தவீட்டுக்கு வந்து எங்களோடு இருந்த சொந்தங்களுக்கும் அயலவர்களுக்கும் நன்றி. கடையைப் பூட்டிவிட்டு வந்து, அடுப்படியில் நின்று எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்த நஸீர் நானாவுக்கும் அவருடைய மனைவிக்கும் நன்றி.

வேலையை விட்டு ஓடிவந்து அண்ணாவைத் தோளில் தூக்கிய வேர்க்சொப் அண்ணாமாருக்கும் நன்றி. நீங்கள் உடுப்பு மாற்ற நேரம் இல்லாமல் வந்தீர்கள். ஆறு பேரில் நாலு பேர் அந்த நீலத் துணியைத்தான் போட்டிருந்தீர்கள். அண்ணாவின் பெட்டி அந்தத் துணிக்கு மேலேதான் போனது. அன்றைக்கு என்னால் வாய் திறக்க ஏலவில்லை. இப்போது கேட்கிறேன், நாளைக்கு வேலைக்குப் போகும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கோ.

தங்கை