ஆத்துக்கு அந்தாண்ட

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இதை என் மனைவி சத்யப்பிரியா சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. நானாகச் சொல்லும்போது ஏனோ பெருமையாக இருக்கிறது. என் கல்யாணத்தில் நானே மைக் பிடித்து நன்றியுரை சொன்னேன். மாப்பிள்ளை நன்றியுரை சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பந்தல் போட்டவர், வாழை மரம் கட்டியவர் என்று ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லி முடிப்பதற்குள் பந்தியில் சாம்பார் ஆறிவிட்டது. மாமனார் வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இந்த வாயை நம்பித்தான் வேலையும் கிடைத்தது. வெள்ளாற்றின் இரண்டு கரையிலும் உள்ள விவசாயிகள் பங்கு போட்டு நடத்தும் ஒரு நிறுவனம், ஆபீஸ் ஆற்றுக்குத் தெற்கே சிதம்பரத்தில். விதையும் உரமும் மொத்தமாக வாங்கித் தருவோம். அறுப்புக் காலத்தில் மிஷின் பேசி, யாருக்கு எப்போது என்று முறை வைத்து அனுப்புவோம். அங்கே நான் தொடர்பு அலுவலர். விசிட்டிங் கார்டில் 'கலைமணி, பி.ஏ.' என்று பெரிய எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே பதவி போட்டிருக்கும். கார்டைப் பார்க்கிறவர்கள் என்னென்னமோ நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் என் வேலை வாட்சப் குரூப்பில் வாய்ஸ் போடுவது.

எழுதிப் போட்டால் எங்கள் ஆட்கள் படிக்கமாட்டார்கள். படிக்கத் தெரியாததால் அல்ல. கையில் மண்வெட்டி இருக்கும், மாட்டுக் கயிறு இருக்கும். வாய்ஸ் என்றால் போனை வரப்பில் வைத்துவிட்டு வேலை செய்துகொண்டே கேட்கலாம். கேட்டதற்கு அடையாளமாக ஒரு கட்டைவிரல் போடுவார்கள். விதை வந்துவிட்டது என்றாலும் கட்டைவிரல், விதை வரவில்லை என்றாலும் கட்டைவிரல். ஒருமுறை எங்கள் மேனேஜரின் மாமியார் இறந்த செய்தியைப் போட்டேன். அதற்கும் வரிசையாகக் கட்டைவிரல். மேனேஜர் போனை என் முன்னால் நீட்டி, என்ன இது என்பதுபோல் பார்த்தார். "சாவுக்கு வர்றோம்னு சொல்றாங்க சார்" என்று சமாளித்தேன்.

அப்போதெல்லாம் என் வாய்ஸ் இப்படி இருக்கும்: "எல்லாருக்கும் கலைமணியோட வணக்கம். எல்லாரும் சாப்ட்டு இருப்பீங்க. நாளைக்கு நம்ம வண்டி சுப்பிரமணியன் மாமா கழனிக்குப் போவுது. எந்த சுப்பிரமணியன்னா, வடகரையில பாம்பு கடிச்சிப் பொழைச்சாரே, அவுரு. அந்தோணிசாமி வூட்டுக்கு மேற்கால, போர் செட்டுக்குப் பின்னால. அவுரு பொண்ணுக்குக்கூட இப்பதான் கொழந்தை பொறந்திருக்குது, வாழ்த்துகள்..." விஷயம் வந்து சேரும்போது பாதிப் பேர் போனை அணைத்திருப்பார்கள். ஆனாலும் மிஷின் ஒருநாளும் தப்பான கழனிக்குப் போனதில்லை. அது ஏன் என்று நான் யோசித்துப் பார்த்ததும் இல்லை.

போன வருஷம் மார்கழியில், பணியிடத்தில் தகவல் தொடர்பு என்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பயிற்சி வைத்தார்கள். மேனேஜர் என்னைத்தான் அனுப்பினார். பயிற்சி கொடுத்த மேடம் எல்லோருடைய வாய்ஸ்களையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். தவறான உதாரணம் என்று சொல்லி ஒன்றை ஸ்பீக்கரில் ஓடவிட்டார். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் நன்றாகச் சிரித்தேன். பாம்புக்கடி வந்தபோதுதான் அது யார் குரல் என்று புரிந்தது.

"இதுல விஷயம் எவ்வளவு சார்? ஒரே வரி. மீதியெல்லாம் என்ன?" என்று கேட்டார் மேடம்.

"மீதி மரியாதை மேடம்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

சுருக்கம், தெளிவு, நன்றி. இதுதான் பாடம். சாயந்திரம் சான்றிதழோடு பஸ் ஏறியபோது நான் வேறு மனிதன். வீட்டிலும் அதைக் கடைப்பிடித்தேன். சாப்பாட்டில் உட்கார்ந்து, "உப்பு. நன்றி" என்றேன்.

"எழுந்து போயி எடுத்துக்குங்க. நன்றி" என்றாள் சத்யப்பிரியா.

பொங்கல் முடிந்து சம்பா அறுப்பு தொடங்கியது. எங்கள் முறைக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டயர் மிஷின் வந்திருந்தது. காய்ந்த கழனியில் வேகமாக அறுக்கும், சேற்றில் இறங்காது. டிரைவர் பெயர் சேரன். ஊர் புதிது என்றாலும் சொன்ன இடத்துக்குச் சரியாகப் போகிற ஆள்.

வடகரையில் லோகநாயகி அக்கா ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நட்டிருந்தார். வருஷத்துச் சாப்பாடும் அதில்தான், குத்தகைக்கு அளப்பதும் அதில்தான். நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முறைக்கு முந்தின நாள் மத்தியானம் அவரே போன் செய்தார்.

"தம்பி, ரோட்ல வேற மிஷின் ஒண்ணு போவுது. கேட்டா எறங்கறேன்றான். வானம் மூடிக்கிட்டு வருது. கழனியில உட்டுடட்டா?"

"வேணாம்க்கா. வெளி வண்டி வாடகை ஜாஸ்தி கேப்பான். நாளைக்குக் காலைல நம்ம வண்டி ஒங்க கழனியில நிக்கும். நான் சொல்றேன் இல்ல?"

"நீ சொன்னா சரி தம்பி" என்று அந்த மிஷினை அனுப்பிவிட்டார்.

சாயந்திரம் சேரனுக்கு வாய்ஸ் போட உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, மஞ்சக்குப்பத்தை மனதில் நிறுத்திச் சொன்னேன்: "காலையில ஆத்துக்கு அந்தாண்ட. லோகநாயகி கழனி. நன்றி." போட்ட பிறகு நானே எடுத்துக் கேட்டேன். அழகாக இருந்தது. சத்யப்பிரியாவுக்கும் போட்டுக் காட்டினேன். "யாரோ பேசற மாதிரி இருக்குது" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் குரூப்பில் ஒரு பெண் குரல் வந்தது. பின்னால் மிஷின் சத்தம். "தம்பி, ரொம்ப நன்றிப்பா. இவ்ளோ சீக்கிரம் வண்டி வரும்னு நான் நெனைக்கவே இல்ல. மழைக்கு முன்ன அறுத்தாச்சு. நீ நல்லா இருக்கணும்." பெயர் பார்த்தேன். லோகநாயகி. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அதை மேனேஜருக்கு அனுப்பினேன். பயிற்சி கொடுத்த மேடத்துக்கும் அனுப்பி, 'தங்கள் பயிற்சியின் பலன்' என்று கீழே எழுதினேன். அவர் உடனே கட்டைவிரல் போட்டார். சத்யப்பிரியாதான் கேட்டுவிட்டு, "அந்த அக்கா குரல் இப்படியா இருக்கும்?" என்றாள்.

"மிஷின் சத்தத்துல அப்டித்தான் கேக்கும்" என்றேன்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் அடித்தது. லோகநாயகி அக்கா.

"தம்பி, வண்டி எங்க வருது?"

"என்னாக்கா, அறுத்தாச்சுன்னு நீங்கதான நன்றி சொன்னீங்க?"

"நான் எப்ப சொன்னேன்? காலைலேருந்து வரப்புலதான் நிக்கிறேன். கதிரு அப்படியே நிக்கிதுப்பா."

கையில் பட்ட தண்ணீர் சில்லென்று இருந்தது. இரண்டு கரையிலும் கணக்குப் பார்த்தால் ஊருக்கு ஒரு லோகநாயகி உண்டு. தென்கரையில் ஒருவர் எங்கள் உறுப்பினர்தான். அவருக்கு முறை வர இன்னும் நாளிருந்தது. சேரனுக்குப் போன் போட்டேன்.

"நீங்கதான சார் ஆத்துக்கு அந்தாண்டன்னீங்க? நான் வடகரையில படுத்திருந்தேன். அந்தாண்டன்னா தென்கரைதான? லாரியில ஏத்திப் பாலம் சுத்தி வந்து, லோகநாயகி கழனி எதுன்னு கேட்டேன். காட்டுனாங்க. அறுத்தேன்."

"யோவ், நான் சிதம்பரத்துலேருந்து இல்ல சொன்னேன்? எனக்கு அந்தாண்டன்னா வடகரை."

"நீங்க எங்க உக்காந்து பேசறீங்கன்னு எனக்கு எப்டி சார் தெரியும்?"

அவன் ஊரிலும் அக்கரையை அந்தாண்ட என்றுதான் சொல்வார்கள். அவனுக்குப் புரியாத சொல்லாக இருந்திருந்தால் திருப்பிக் கேட்டிருப்பான். நன்றாகப் புரிந்துவிட்டது, அதுதான் வினை. வடகரை, தென்கரை என்று ஒரு சொல் போட்டிருந்தால் போதும். பாம்பு கடித்த மாமாவின் பக்கத்துக் கழனி என்று உளறியிருந்தால்கூடப் போதும். நான் தெளிவாகப் பேசிவிட்டேன்.

அவனைத் திரும்பி வரச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். புவனகிரி பாலத்தில் ஏறும்போது முதல் துளி மூக்கில் விழுந்தது. தூறல்தான் என்று சொல்லிக்கொண்டேன். பாலம் தாண்டுவதற்குள் எதிரே வருகிற லாரி தெரியாத அளவுக்கு அடித்தது. சேரன் மிஷினோடு எனக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தான். கழனி ஓரத்தில் இறங்கிக் காலால் அழுத்திப் பார்த்தான். கணுக்கால் வரை உள்ளே போனது.

"டயர் எறங்காது சார்" என்றான்.

லோகநாயகி அக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றார். என்னைத் திட்டவில்லை. சேரனையும் திட்டவில்லை. மழை ராத்திரி முழுக்கப் பெய்தது. விடிந்து பார்த்தால் ஒன்றரை ஏக்கரும் பாய் விரித்த மாதிரி தண்ணீரில் படுத்துவிட்டது. சேற்றில் இறங்குகிற பெல்ட் மிஷின் கிடைத்து வருவதற்குள் கதிரிலேயே முளை விட்டிருந்தது. தேறிய நெல்லையும் கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பிவிட்டார்கள். நெல் விளைவித்தவர் அந்த வருஷம் ரேஷன் அரிசி வாங்கிச் சாப்பிட்டார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்றால், வாய்ஸில். சுருக்கத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, வானிலையிலிருந்து ஆரம்பித்து என் மனவேதனை வரைக்கும் நீளமாகப் பேசினேன். குரூப்பிலேயே போட்டேன், எல்லோரும் கேட்கட்டும் என்று. ஏழெட்டுக் கட்டைவிரல் விழுந்தது. அவற்றுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது, லோகநாயகி வெளியேறினார் என்று. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை நானே கிண்டல் செய்துகொள்ள எனக்கு நன்றாகவே வரும். அன்றைக்கு அது வரவில்லை.

"போன்லயா மன்னிப்பு கேப்பாங்க? நேர்ல போயிட்டு வாங்க" என்றாள் சத்யப்பிரியா.

போனேன். அக்கா தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார், என் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. நானே எடுத்தேன். அடுத்த சம்பாவுக்கு உங்களுக்குத்தான் முதல் முறை, குரூப்பில் திரும்பச் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. அன்னைக்கு அந்த மிஷின்காரன் ரோட்ல நின்னு, எறங்கட்டுமா எறங்கட்டுமான்னு ரெண்டு தடவ கேட்டான். நீ சொன்னேன்னுதான் அனுப்புனேன். இனிமே எனக்கு என்னா சொல்லணும்னாலும் நீ இங்க வந்து சொல்லு."

அன்றிலிருந்து அப்படித்தான். விதை வந்தால் குரூப்புக்கு வாய்ஸ், அக்காவுக்குப் பாலம் சுற்றிப் பைக். பெட்ரோல் செலவை ஆபீஸில் கேட்டால் தொடர்பு அலுவலர் என்ற பேருக்கே இழுக்கு என்று நானே போட்டுக்கொள்கிறேன்.

இந்த வருஷமும் சம்பா முற்றியது. சொன்னபடி முதல் முறை அவருக்கு. மறுபடியும் சேரன்தான் வந்திருந்தான். முந்தின நாளே போய் அக்காவிடம் நேரில் சொன்னேன். விடிந்ததும் மிஷினுக்கு முன்னால் நான் கழனியில் இருந்தேன். சேரனுக்குப் போன் போட்டு, வடகரை, லோகநாயகி, அந்தோணிசாமி வூட்டுக்கு மேற்கால என்று ஆரம்பித்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேசாத தம்பி. ரோட்டாண்ட போயி நில்லு. ஒன்னப் பாத்தா வந்துருவான்."

பி.ஏ. படித்துச் சான்றிதழ் வாங்கியவன் போய் ரோட்டோரம் நின்றேன். லாரி தெரிந்ததும் கையைத் தூக்கினேன். சேரன் பார்த்தான், திரும்பினான், மிஷின் கழனியில் இறங்கியது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆபீஸில் வேலை கிடந்தது. குரூப்பில் யார் யாரோ என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நான் கெளம்பட்டுமா?" என்றேன்.

அவர் மிஷினைப் பார்க்கவே இல்லை. நான் வண்டிச் சாவியை எடுக்கிறேனா என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெல்லு வூட்டுக்குப் போவட்டும் தம்பி. அப்பறம் போ" என்றார்.