சித்திரையில் எடுத்த எலெக்ட்ரிக் கார்

எலெக்ட்ரிக் கார் கடனுக்கான வட்டியை வருமானத்தில் கழித்தால், சம்பளத்தில் பிடித்த வரி திரும்ப வரும் என்று நம்பியிருந்தேன். மகளின் ஹாஸ்டல் கட்டணத்துக்கு அதுதான் வழி.

இன்று திருவாரூரில் ஆடிட்டர் கடன் தாள்களைப் பார்த்தார்.

"சார், 2023 மார்ச்சுக்குள்ள லோன் பாஸானவங்களுக்குத்தான் இந்தச் சலுகை. உங்களுக்கு ஏப்ரல்ல ஆயிருக்கே."

"பங்குனி போகட்டும், சித்திரையில எடுக்கலாம்னு நான்தாங்க தள்ளிப்போட்டேன். வேற வழியே இல்லீங்களா?"

"இல்லீங்க சார். ரீஃபண்ட் வராது."

வெளியே வந்ததும் மகள் போன் செய்தாள். "அப்பா, அடுத்த மாசம் ஃபீஸ் கட்டலன்னா ரூமைக் காலி பண்ணச் சொல்றாங்க."

"கட்டிடுறேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை. மனைவியிடம் எப்படிச் சொல்வதென்று தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். ஏசி ஓடுவதால் சார்ஜ் குறைந்துகொண்டே வருகிறது.