தங்கத்தகடு பிக்கப்புக்கு ஒரு பொய்

நெமோட்டோ சிரித்து, கிதார் கடைகள் வரிசையாக நிற்கும் ஒச்சனோமிசு சரிவில் யாரும் பார்த்ததில்லை. மாட்சுமோட்டோவில் கிதார் ஆலைத் தொழிலாளியாக இருந்தவர். ஆலையை மூடியதும் டோக்கியோவுக்கு வந்து, அந்தச் சரிவில் ஹமுராவின் பழைய கிதார் கடையில் பின்பக்க மேசையில் உட்கார்ந்தார். அறுபதுகளில் ஒரே ஆலை பல பெயர்களை ஒட்டி ஏற்றுமதி செய்தது. கிதாரின் தலையில் உள்ள பெயரை நம்பினால் ஏமாந்தோம். கழுத்து இணைப்பையும் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பின் அடிப்பக்கத்தையும் பார்த்து, எங்கே பிறந்தது என்று நெமோட்டோ சொல்லிவிடுவார்.

அந்தத் திறமைதான் அவர் வயிற்றெரிச்சல். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில், மூடியின் இடைவெளியில் தங்க நிறத் தகடு மின்னும் ரகம் ஒன்று. வெளிநாட்டுக்காரர்கள் அதற்கு அலைகிறார்கள். அசல் என்று நெமோட்டோ தலையசைத்தால் ஹமுரா பிக்கப்பைப் பிடுங்கி விற்பார். மிச்சக் கிதார் குப்பைக்குப் போகும். கசாப்புக்கு ஆள்காட்டுகிற வேலை, வேறென்ன?

ஒருநாள் ஷியோபரா என்ற கிழவி ஒரு கிதாரோடு வந்தார். நூற்பாலை விடுதியில் பெண்களாகச் சேர்ந்து இசைக்குழு நடத்திய காலத்தில் வாங்கியது. இப்போது விரல் மூட்டெல்லாம் வீக்கம்.

"யாராவது வாசிக்கணும். அதுக்குத்தான் குடுக்கறேன்."

"கவலைப்படாதீங்கம்மா, நல்ல பையனா பாத்துக் குடுத்துடறேன்" என்றார் ஹமுரா, கூசாமல்.

நெமோட்டோ கம்பிகளைத் தளர்த்திப் பிக்கப்பைக் கழற்றினார். அந்தக் காலத்து ரப்பர் காந்தம். யாரும் தொடாத சுருள். அசல். மூடியைத் திருகி, பிக்கப்பைப் பழையபடி மாட்டிவிட்டுச் சொன்னார்:

"போலி. மூடி மட்டும்தான் பழசு. உள்ளே எவனோ புதுசு வச்சிருக்கான். எடுத்துட்டுப் போங்க."

"எவனோவா? வாங்கின நாள்லேர்ந்து என் வீட்டு அலமாரியிலதான் கெடக்கு. பேய் வந்து மாத்துச்சா?"

"போலின்னா போலி."

"வாசிச்சுப் பாத்தியா? இல்லைல்ல? அப்ப வாயை மூடு!"

ஷியோபரா தானே சுருதி கூட்டி, ஒலிபெருக்கியில் செருகி, வீங்கிய விரலால் ஒரு இழுப்பு இழுத்தார். கடையே திரும்பியது. கரகரப்பும் இனிப்புமாக, பழைய சத்தம்.

ஹமுரா இளித்தார். "நெமோட்டோ சான், உங்க போலி நல்லா பாடுதே! குடுங்கம்மா, நான் எடுத்துக்கறேன்."

நெமோட்டோ எழுந்து பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே, நெஞ்சில் ஓட்டையோடு கிதார் உடம்புகள் விறகு மாதிரி அடுக்கிக் கிடந்தன.

"அம்மா, இதுலதான் உங்களோடதும் சேரும்."

ஷியோபரா எட்டிப் பார்த்தார். பிறகு கிதாரை உறையில் போட்டுக்கொண்டு அவர் திரும்பியது ஹமுரா பக்கம் அல்ல, நெமோட்டோ பக்கம்.

"இத்தனையையும் காட்டிக் குடுத்தது நீதானே?"

"ஆமா."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? என் கிதாரைக் குப்பைங்கற மாதிரி பேசற. வாயை வாடகைக்கு விட்டிருந்தியா?"



"நாளைக்கு வராதே" என்று கத்தினார் ஹமுரா.

"வரமாட்டேன்." திருப்புளிகளைப் பையில் போட்டுக்கொண்டு நெமோட்டோ வெளியேறினார். வாசலில் மழை. ஷியோபரா கிதாரை நெஞ்சோடு அணைத்து, விரிக்க முடியாத குடையைக் கையில் தொங்கவிட்டு நின்றிருந்தார்.

"என்ன முழிக்கற? குடையைப் பிடி. கிதார் நனையுது."