சுவருக்குப் பூட்டிய யன்னல்

எனக்கு ஒரு யன்னல் தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் விட்டார்கள். எட்டு வயதில் எனக்கு நடந்த அந்த அநியாயத்தை இன்றைக்கு நினைத்தாலும் கோபம் பொத்துக்கொண்டு வரும். கோபம் யார்மேல் என்பதுதான் இடையில் மாறிவிட்டது.

சண்டை முடிந்து, முகாமில் இருந்துவிட்டு, பாப்பாமோட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் காணிக்குத் திரும்பி வந்திருந்தோம். காணியில் மிஞ்சியிருந்தவை ஒரு கிணறு, ஒரு வேம்பு, பழைய வீட்டின் அத்திவாரக் கற்கள் கொஞ்சம். அப்பா முருங்கன் பக்கம் யாருடையதோ வயலில் உழவு மெசின் ஓட்டப் போய்விடுவார். இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். அம்மா, பதினேழு வயது அக்கா, நான் என்று மூன்று பேரும் நீலத் தறப்பாள் விரித்துக் கட்டிய கொட்டிலில் இருந்தோம். தறப்பாளுக்கு யன்னல் கிடையாது. பகல் முழுக்க உள்ளே எல்லாம் நீலமாகவே இருக்கும். சோறும் நீலம், கொப்பியும் நீலம், அக்காவின் முகமும் நீலம். முகாமில் இருந்தபோது ஒருநாள் பழைய பிளேட்டால் தறப்பாளில் ஒரு சதுரம் வெட்டி வெளியே எட்டிப் பார்த்ததற்கு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதனால், வீட்டுத் திட்டத்தில் எங்கள் பெயரும் வந்து, வேலையை மேற்பார்வை பார்க்கும் ஐயா மோட்டார் சைக்கிள் சீற்றின்மேல் பிளானை விரித்தபோது, நான் முதலில் கேட்டது யன்னலைத்தான். அவர் இரண்டு சின்னக் கோடுகளைத் தொட்டுக் காட்டினார். ஒன்று பெரிய அறைக்குப் பின்பக்கம். மற்றது சின்ன அறைக்கு, றோட்டைப் பார்த்தபடி. சின்ன அறைதான் அக்காவும் நானும் படுக்கப்போகும் அறை. அந்த நிமிடமே அந்த யன்னலை நான் எனக்கென்று எழுதிக்கொண்டேன். மன்னாருக்குப் போகிற பஸ்ஸை அதிலிருந்தபடியே பார்க்கலாம். சோழகம் வீசும்போது திறக்கலாம், வாடை வீசும்போது சாத்தலாம். திறப்பதும் சாத்துவதும் என் கையில் இருக்கும்.

அப்போதே அம்மா ஐயாவிடம், அந்த யன்னலை மற்றப் பக்கச் சுவருக்கு மாற்ற ஏலாதா என்று கேட்டார். பிளானில் ஒரு அங்குலம்கூட மாற்ற முடியாது என்று ஐயா சொல்லிவிட்டார். பிளானைப் பார்த்தபடியேதான் சொன்னார், தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு அவரை நன்றாகப் பிடித்துப்போயிற்று.

அந்தப் பிளானை வரைந்தவர் எங்கேயோ குளிரூட்டிய அறைக்குள் இருந்து வரைந்திருப்பார். எங்கள் ஊரை அவர் கண்டிருக்க மாட்டார். எல்லா வீட்டுக்கும் ஒரே முகம், எல்லா வீட்டுக்கும் றோட்டைப் பார்த்து ஒரு யன்னல். எதிரே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

எங்களுக்கு எதிரே, றோட்டுக்கு அந்தப் பக்கம், பூவரசுக்குக் கீழே மண்மூட்டை அடுக்கிய காவல் கொட்டில் ஒன்று இருந்தது. அதற்குள் எப்போதும் ஆமிக்காரர் ஒருவர் இருப்பார். ஆட்கள் மாறுவார்கள், கொட்டில் மாறாது. அதைப்பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இருக்கவில்லை. அதிலிருந்த ஒருவர் ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பிஸ்கட் பக்கற் ஒன்று தந்தார். அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கிப் பிரித்துக் கோழிகளுக்குக் கொட்டினார். கோழிகள் கிறீம் பிஸ்கட் தின்றதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் கணக்கில் நான் எழுதிவைத்த முதல் அநியாயம் அதுதான்.

இரண்டாவது அக்காவுடையது. முற்றத்தில் எங்கள் கிணறு இருக்க, அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வேலியால் புகுந்து மூன்று காணி தள்ளி இருந்த கிணற்றுக்குக் குளிக்கப் போவாள். உடுப்புகளைக் கொட்டிலுக்குள்ளேயே கயிறு கட்டிக் காயவிடுவாள். அவை காயாமல் நாறும். பஸ் ஏறி ரியூசனுக்குப் போனவள், அதையும் நிறுத்திவிட்டாள். பெரிய எடுப்பு எடுக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

நாங்களே கல்லரிந்தோம். மேசன் வேலைக்கு முசலிப் பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் நானா வந்தார். அவரும் பல வருடம் வெளியே இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். சீமெந்தும் மணலும் குழைத்து அச்சில் போட்டுக் கற்களை வரிசையாக அவர் வைத்துவிட்டுப் போவார். அவற்றைச் சாக்கால் மூடி, காலையும் மாலையும் ஏழு நாளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஊற்றாவிட்டால் கல் உதிர்ந்துவிடும். ஒரு கல்லைக்கூட நான் பட்டினி போடவில்லை. எல்லாம் என் யன்னலைத் தாங்கப்போகிற கற்கள் அல்லவா!

ஐயா பொல்லாத மனிதர் என்று ஊரெல்லாம் பேச்சு. மணல் குவியலைக் கண்டால் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். கடற்கரை மணல் கலந்திருந்தால் நாக்குச் சொல்லிவிடும். முதல் தொகுதி வீடுகள் கட்டும்போது ஒருவர் உப்பு மணலில் எழுப்பிய சுவரை அப்படியே இடிக்க வைத்தார். அந்தக் குடும்பம் மறுபடி கட்டி முடிப்பதற்குள் மாரி வந்துவிட்டது. திட்டத்தில் கொடுக்கும் கூரைத் தகரம் ஊர்ச் சங்கக் கட்டடத்தில் அடுக்கியபடியே இருந்தது, அவர்கள் தறப்பாளுக்குள் நனைந்தபடியே இருந்தார்கள். சுவரும் கதவும் யன்னலும் பிளான்படி இருக்கின்றன என்று ஐயா படம் எடுத்துக் கையெழுத்து வைத்தால்தான் தகரம் வெளியே வரும். எங்களுக்கும் அதுதான் சட்டம். போன மாரியில் கொட்டிலுக்குள் தண்ணீர் ஏறி, அம்மா மூன்று நாள் குந்தியபடியே நித்திரை கொண்டவர். இந்த மாரிக்குள் கூரை ஏறவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு வேண்டுதல் இருக்கவில்லை.

சுவர் எழும்பி, சின்ன அறையில் யன்னலுக்கு விட்ட வெளி தெரியத் தொடங்கியது. நான் அதில் ஏறி இருந்து பஸ் பார்த்தேன். அக்கா அந்த அறைக்குள் கால் வைக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து அவள் அம்மாவோடு கொட்டிலுக்குள் ஏதோ குசுகுசுத்தாள். அழுதாள் என்றும் நினைக்கிறேன். அடுத்த நாள் காலையில் அம்மா நானாவிடம் போய் அந்த வெளியை அடைக்கச் சொன்னார்.

நானா கரண்டியைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, பிளான்ல யன்னல் இருக்கு. அடைச்சா ஐயா தகரம் தரமாட்டார். மழை வரப்போகுது."

"தெரியும் நானா. நீங்க அடையுங்கோ" என்றார் அம்மா.

நானா றோட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு ஒரு வழி சொன்னார். ஐயா படம் எடுப்பது முற்றத்தில் நின்றுதான். அதனால் உள்பக்கமாகக் கல்லை வைத்து அடைத்துவிட்டு, திட்டத்தில் கிடைத்த யன்னல் நிலையை வெளிப்பக்கம் பூட்டிவிடலாம். கதவைச் சாத்திவிட்டால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு யன்னல், உள்ளே இருப்பவருக்குச் சுவர்.

அடைக்கப் பதினான்கு கல் போயிற்று. நான் எண்ணினேன். பதினான்கும் நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த கற்கள். ஒவ்வொன்றாக வைக்க வைக்க அறை இருண்டுகொண்டே வந்தது. நான் காலை உதைத்து அழுதேன், சாந்துச் சட்டியைக் கவிழ்த்தேன், அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அம்மா, காற்றுக்குத் தடிமன் பிடிக்கும் என்றார். தறப்பாளுக்குள் மழையில் நனைந்தபோது பிடிக்காத தடிமனா யன்னலால் பிடிக்கும்? எட்டு வயதுப் பிள்ளையை ஏமாற்றுவதற்குக்கூட ஒரு நல்ல பொய் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

நிலையைப் பூட்டி, கதவுகளுக்குப் பச்சைப் பெயின்றும் அடித்தார் நானா. றோட்டால் போனவர்கள் வடிவான யன்னல் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் ஒரு திட்டம் போட்டேன். ஐயா பொல்லாதவர், உப்பு மணலுக்கே சுவரை இடித்தவர். இந்தக் கள்ள யன்னலைக் கண்டால் சும்மா விடுவாரா? உடனே கல்லை எடு என்பார். நானா ஒரு பின்னேரத்துக்குள் எடுத்துவிடுவார். தகரமும் வரும், என் யன்னலும் வரும். இதில் பிழை எங்கே இருக்கிறது என்று எத்தனை தரம் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை.

ஐயா வந்த அன்று வானம் கறுத்துக் கிடந்தது. அம்மா வேம்புக்குக் கீழே கதிரை போட்டு, அவரை அங்கேயே இருத்தித் தேத்தண்ணி கொடுக்கப் பார்த்தார். அவர் குவியலில் மிஞ்சியிருந்த மணலை நாக்கில் வைத்துப் பார்த்தார், தலையாட்டினார். கமெராவை எடுத்து வீட்டு முன்பக்கத்துக்கு நேரே பிடித்தார். அதற்குள் நான் ஓடிப்போய்ப் பச்சைக் கதவு இரண்டையும் இழுத்துத் திறந்துவிட்டேன்.

உள்ளே கல்லும் சாந்தும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. "ஐயா, இது பொய் யன்னல்" என்றேன்.

அம்மா கையிலிருந்த தட்டத்தைக் கதிரையில் வைத்தார். அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு கொட்டில் வாசலில் நின்றுவிட்டாள். சங்கக் கட்டடத்தில் அடுக்கியிருந்த தகரம் முழுவதும் அந்த நேரம் என் வாயில் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குப் பெருமைதான்.

ஐயா யன்னலடிக்கு வந்தார். கல்லைத் தட்டிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஆரம்மா இந்த வேலை பாத்தது? நான் அண்டைக்கே சொன்னனான் எல்லோ, மாத்தேலாது எண்டு."

"நான்தான் ஐயா அடைக்கச் சொன்னனான்" என்றார் அம்மா. அவர் ஐயாவைப் பார்க்கவில்லை, றோட்டையும் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

ஐயாவும் அக்காவைப் பார்த்தார். பிறகு சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, யன்னல் எதைப் பார்க்குமோ அந்தத் திசையில் பார்த்தார். பிளானை விரித்த நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் பார்த்தது அதுதான் முதல்தரம். இடிக்கச் சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

அவர் திரும்பி, பச்சைக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கொழுக்கியைப் போட்டார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் படம் எடுத்தார். கொப்பியை விரித்து எழுதும்போது வாய்விட்டே சொன்னார், யன்னல் இரண்டு, பிளான்படி என்று. கையெழுத்து வைத்து, நாளைக்கே ஆள் அனுப்பித் தகரத்தை எடுக்கச் சொன்னார். மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகு, அம்மாவிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

"எனக்கும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்தான் அம்மா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தால் என் யன்னலுக்கு என்ன? அம்மா கள்ளம், நானா கள்ளம், நாக்கால் உப்புப் பார்க்கிற இந்த மனிதரும் கள்ளம். பொய் எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டுப் போகிறார். அன்று அம்மா எனக்கு அடிக்கவில்லை. வெறும் சீமெந்துப் பையின்மேல் குந்தி முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டார். தகரம் கிடைத்ததற்கு யாராவது அழுவார்களா என்று அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

இப்போது எனக்குக் கோபம் வேறு இடத்தில். சொந்தக் காணியில், சொந்தக் கையால் கல்லரிந்து கட்டிய வீட்டில், ஒரு தாய் தன் யன்னலைக் களவாக அடைக்க வேண்டியிருந்தது. அதைப் பிடித்த உத்தியோகத்தருக்கும் களவாகத்தான் இரக்கப்பட முடிந்தது. வீடு கொடுத்தோம் என்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுப் படமும் எங்கோ ஒரு கந்தோர் அலுமாரிக் கோப்புகளுக்குள் இருக்கும், பச்சை யன்னலோடு வடிவாக.

அன்று ஐயா போன பிறகு, அவர் அப்படி எதைத்தான் பார்த்தார் என்று அறிய நானும் அந்த இடத்தில் போய் நின்றேன். பச்சைக் கதவில் முதுகைச் சாய்த்து, அவர் பார்த்த திசையிலேயே பார்த்தேன். றோட்டு இருந்தது. பூவரசு இருந்தது. மண்மூட்டைகளுக்கு மேலே அந்தக் காவல் கொட்டிலில் இருந்தவர் எழும்பி நின்று எங்கள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அதற்குள் எங்கள் தறப்பாளுக்குள் போய்விட்டாள். அவர் சிரித்தபடி கையை ஆட்டினார். எனக்கு நடந்த அநியாயத்தைப் பார்த்து இரக்கப்பட இந்த ஊரில் ஒருவராவது இருக்கிறாரே என்று நினைத்து, நானும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.